எம்ஐ-24 மாடலுக்கு நுணுக்கம் சேர்க்க ஐந்து வழிகள்: எதற்குச் செலவழிக்கலாம்?

ஹெலிகாப்டர் மாடலுக்கான பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, பெட்டியைத் திறந்து, உறுப்புச் சட்டங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகு பலரும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். உள்ளதை உள்ளபடி ஒட்டினால் போதுமா, போட்டோ எட்ச் தகடு வாங்க வேண்டுமா, ரெசின் என்ற இறுகும் பிசினில் வார்த்த காக்பிட்டை, அதாவது விமானி அறையை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா, இப்போது பலரும் பேசும் முப்பரிமாண அச்சு டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் படலம்) போதுமா, அல்லது கம்பியும் பிளாஸ்டிக் தாளும் கொண்டு நாமே செய்துகொள்ளலாமா? ராணுவ ஹெலிகாப்டர் மாடல் செய்யும் வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இதுதான்.

இதற்குப் பொதுவாக விடை சொல்ல முயன்றால் ஒன்றும் தேறாது. ஆகவே ஒரே ஒரு ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்: சோவியத் யூனியனில் 1969இல் முதன்முதலாகப் பறந்த எம்ஐ-24, அதிலும் ஸ்வெஸ்டா நிறுவனம் 1/48 அளவில், அதாவது உண்மையின் 48இல் ஒரு பங்காக, வெளியிட்டிருக்கும் எம்ஐ-24வி/விபி கிட். உண்மையான ஹெலிகாப்டரின் மேல் ரோட்டர் 17.3 மீட்டர் விட்டம் கொண்டது. 1/72 அளவில் அது 24 சென்டிமீட்டராகவும், 1/48இல் 36 சென்டிமீட்டராகவும், 1/35இல் ஏறக்குறைய அரை மீட்டராகவும் அமையும். 1/72இல் பல நுணுக்கங்கள் கண்ணுக்கே எட்டாது. 1/35இல் வெறுமையாக விட்ட ஒவ்வோர் இடமும் குறையாகத் தெரியும். இடைப்பட்ட 1/48இல்தான் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவு உண்மையில் நம் கையில் இருக்கிறது.

## எடைபோடும் அளவுகோல்கள்

ஜெட் போர் விமானத்தின் இயந்திரப் பகுதிகள் பெரும்பாலும் உடலுக்குள் மறைந்திருக்கும். ஹெலிகாப்டரில் அவை வெளியே நிற்கின்றன. மேல் ரோட்டரின் மையம், பிளேடுகளின் கோணத்தை மாற்றும் கம்பிகள், வால் ரோட்டரின் இணைப்புகள், சக்கரக் கால்கள், இறக்கையில் தொங்கும் ஆயுதங்கள் ஆகிய எல்லாம் எந்தக் கதவையும் திறக்காமலேயே பார்வையில் படுகின்றன. ஆனால் சந்தையில் விற்கும் நுணுக்கத் தொகுப்புகளில் பெரும்பங்கு காக்பிட்டுக்காகவே செய்யப்படுகிறது. ஜெட் விமான மாடல்களில் ஊறிய பழக்கம் ஹெலிகாப்டருக்கும் அப்படியே வந்துவிட்டது. இந்தக் கட்டுரையின் எல்லாத் தீர்ப்புகளும் இந்த ஒரு கவனிப்பிலிருந்தே பிறக்கின்றன: ஹெலிகாப்டருக்கு நுணுக்கம் சேர்ப்பவர் ரோட்டர் மையத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போக வேண்டும்.

முதல் அளவுகோல், எல்லாவற்றையும் மூடிய பிறகு என்ன தெரியும் என்பது. எம்ஐ-24வியில் ஆயுதங்களை இயக்குபவர் முன்னாலும் விமானி அவருக்குப் பின்னால் சற்று உயரத்திலும் அமர்கிறார்கள். இருவருக்கும் தனித்தனிக் குமிழ்க் கண்ணாடி. வளைந்த அந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் உள்ளே இருப்பதை நெளித்துக் காட்டும். இருக்கையின் மேற்பகுதி, கருவிப் பலகையின் மேல்விளிம்பு, குறிபார்க்கும் கருவி, தோள் பட்டைகள் ஆகியவை தெரியும். தரையும் கால்மிதிகளும் அநேகமாகத் தெரியா. எட்டு வீரர்கள் அமரும் பின் அறையின் கதவுகளை மூடிவிட்டால் சிறிய ஜன்னல்களின் வழியே இருட்டு மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது, சேர்க்கும் பொருளுக்கும் செய்ய வேண்டிய வடிவத்துக்கும் உள்ள பொருத்தம். தகடாக இருப்பதற்குத் தகடு, குழாயாக இருப்பதற்குக் குழாய், கனமான வடிவத்துக்கு வார்ப்பு என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மூன்றாவது, முழுச் செலவு: பொருளின் விலையோடு தபால் செலவு, சுங்கத் தீர்வை, அதற்கென்றே வாங்க வேண்டிய கருவிகள், செலவிடும் மாலைகள் எல்லாம் சேர்ந்தது. நான்காவது, தவறினால் திரும்பி வர முடியுமா என்பது. ஐந்தாவது உறுதி: 36 சென்டிமீட்டர் அகல ரோட்டரைச் சுமந்து நிற்கும் பொருளைத் தூசி துடைக்கவும் இடம் மாற்றவும் வேண்டியிருக்கும்.

## செலவழிக்கும் முன்: எந்த வகை, எந்தப் படை, எந்த ஆண்டு

தொகுப்பு எதையும் வாங்குவதற்கு முன் இதை முடிவு செய்தாக வேண்டும். வாங்க வேண்டியவற்றின் பட்டியலையே இது மாற்றிவிடும். எம்ஐ-24டி மூக்கின் அடியில் நான்கு குழல்கள் கொண்ட 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கியையும் ஃபலங்கா ஏவுகணைகளையும் சுமந்தது. எம்ஐ-24வி அதே துப்பாக்கியோடு, இறக்கை நுனிகளில் குழாய்களுக்குள் அமையும் ஷ்டுர்ம் ஏவுகணைகளைக் கொண்டது. விபி வகையில் சுழல்மேடையில் 23 மில்லிமீட்டர் இரட்டைக் குழல் பீரங்கி. பி வகையில் சுழல்மேடையே கிடையாது, உடலின் வலப்புறம் 30 மில்லிமீட்டர் இரட்டைக் குழல் பீரங்கி நிலையாகப் பொருத்தப்பட்டது. ஆப்கானிஸ்தான் போர்க்காலத்து ஹெலிகாப்டர்களில் இயந்திர வாயில்களுக்கு முன் உருண்டையான தூசி வடிகட்டிகளும், புகைபோக்கிகளின் மேல் வெப்பத்தைக் குறைக்கும் பெட்டிகளும் காணப்படும். வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணைகளை ஏமாற்றத் தீப்பந்து எறியும் பெட்டிகள் முதலில் வால்தண்டின் அடியிலும் பிற்காலத்தில் உடலின் பக்கங்களிலும் இருந்தன. டி வகைக்கான துணை உறுப்புகளை வி வகைக் கிட்டுக்கு வாங்கிவிட்டு, பொருந்தவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு.

இந்திய விமானப்படைக்கு 1984இல் எம்ஐ-25ம் 1990இல் எம்ஐ-35ம் வந்தன. முன்னது டி வகையின் ஏற்றுமதி வடிவம், பின்னது வி வகையின் ஏற்றுமதி வடிவம். ஆகவே இந்த கிட்டை இந்திய எம்ஐ-35 ஆகச் செய்யும் வாசகர் அடிப்படையில் சரியான வழியில்தான் இருக்கிறார். 125ஆவது ஹெலிகாப்டர் பிரிவின் எம்ஐ-25களை இந்திய அமைதி காக்கும் படை இலங்கையில் பயன்படுத்தியது. 1995 முதல் இலங்கை விமானப்படையும் எம்ஐ-24களை இயக்கியது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பதுங்குகுழிக்குள் இருந்து இதன் ஓசையைக் கேட்ட தமிழர்களுக்கு இந்த உருவம் மேசை அலங்காரமாகத் தோன்றாது. அந்த நினைவுக்கு உரிய மரியாதையோடு, எந்தப் படையின் அடையாளத்தை ஒட்டுகிறோம், அந்த ஹெலிகாப்டர் எங்கே, எதற்காகப் பறந்தது என்பதைத் தெரிந்துகொண்டு ஒட்டுவது மாடல் செய்பவரின் கடமை என்றே கருதுகிறேன்.

## வழி ஒன்று: கிட்டில் உள்ளதையே செம்மையாகச் செய்வது

இது சோம்பேறிகளின் வழி என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. இந்தக் கிட்டின் காக்பிட்டும் பின் அறையும் இயந்திரப் பகுதியும் முந்தைய தலைமுறைக் கிட்களோடு ஒப்பிட முடியாத அளவுக்கு நிறைவானவை. பார்வையில் முதலில் படும் குறைகள் பெரும்பாலும் உறுப்பு இல்லாததால் வருவதில்லை. இணைப்புக் கோடு மறையாதது, கண்ணாடியில் கீறல், ஐந்து பிளேடுகளும் ஐந்து விதமாக நிற்பது ஆகியவற்றால்தான் வருகின்றன.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் தேவை. நின்றுகொண்டிருக்கும் ஹெலிகாப்டரின் பிளேடுகள் தம் எடையால் நுனி நோக்கித் தொய்ந்திருக்கும். கிட்டின் பிளேடுகளை உண்மையான ஹெலிகாப்டரின் படத்தோடு வைத்துப் பார்த்து, தொய்வு குறைவாக இருந்தால், ஒரே வளைவுள்ள வரைபடத்தைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிளேடைச் சூடான நீரில் சற்று நேரம் பிடித்து, வரைபடத்தின் மேல் வைத்து மெதுவாக வளைத்து, அப்படியே குளிர்ந்த நீரில் அமிழ்த்த வேண்டும். ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் வேலை முடிந்தது.

மற்றொன்று சாய்வு. வால் ரோட்டரின் பக்கவாட்டு இழுப்பை ஈடுகட்டுவதற்காக எம்ஐ-24இன் மேல் ரோட்டர்த் தண்டு வலப்பக்கம் இரண்டரை டிகிரி சாய்த்து அமைக்கப்பட்டது. நேர் முன்னால் இருந்து பார்த்தால் உடலே சற்றுத் திருகியதுபோல் தோன்றும். இதை அறியாதவர்கள் கிட்டின் இணைப்பு பிசகிவிட்டதாக நினைத்துத் தண்டை நிமிர்த்தி ஒட்டிவிடுகிறார்கள். முன்புறப் படம் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

இந்த வழியின் மறைவான செலவு நேரம் ஒன்றே; பணம் அநேகமாக இல்லை. முதல் ஹெலிகாப்டரைச் செய்பவர், கதவுகளையும் கண்ணாடிகளையும் மூடியே வைக்கப்போகிறவர், பறக்கும் நிலையில் தாங்கியின்மேல் நிறுத்த விரும்புபவர் ஆகியோருக்கு இதுவே சிறந்தது. இருக்கைப் பட்டை, துப்பாக்கிக் குழல், மூக்கில் நீளும் காற்றழுத்த உணர்கோல் ஆகிய மூன்றில் மட்டும் பிளாஸ்டிக் வார்ப்பின் எல்லை தெரியும்.

## வழி இரண்டு: போட்டோ எட்ச்

அமிலத்தால் அரித்து வெட்டிய மெல்லிய உலோகத் தகடுதான் இது. செக் நாட்டின் எட்வர்ட் நிறுவனம் வண்ணம் அச்சிட்ட தகடுகளையும் விற்கிறது. தகடாகவே இருக்கும் பொருள்களுக்கு இதை விஞ்ச வேறு எதுவும் இல்லை: இருக்கைப் பட்டைகளின் கொக்கிகள், காற்று வாயிலின் வலைகள், துளையிட்ட படிகள், சிறு கைப்பிடிகள், தகட்டு ஆன்டெனாக்கள். பிளாஸ்டிக்கில் அந்த மெல்லிய விளிம்பு வராது.

உருண்டையான பொருள்களுக்கு இது ஏற்றதன்று. விமானியின் பறப்புக் கைப்பிடியையோ, ரோட்டர் மையத்தின் ஹைட்ராலிக் குழாய்களையோ தகட்டில் செய்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது தட்டையாகவே தெரியும். பெரிய தொகுப்புகளில் இத்தகைய உறுப்புகள் தாராளமாக இருக்கும். வாங்கிவிட்டோம் என்பதற்காக அவற்றையெல்லாம் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. தொகுப்பில் பாதியை மட்டும் பயன்படுத்துவதே பல வேளைகளில் நல்ல ரசனை.

மறைவான செலவுகளில் முதலாவது கருவிகள். தகட்டை மடிக்கும் கருவி, கூரிய புதிய கத்திகள், நுனி சேரும் இடுக்கி ஆகியவை வேண்டும். அடுத்தது பசை. பிளாஸ்டிக் பசை உலோகத்தைப் பிடிக்காது. ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசைதான் பிடிக்கும். அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து அருகிலுள்ள கண்ணாடி உறுப்புகளின்மேல் வெண்படலமாகப் படியும். சென்னை, தூத்துக்குடி, மட்டக்களப்பு போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அந்தப் பசை விரைவாக இறுகுவதால், உறுப்பை நகர்த்திச் சரிசெய்யக் கிடைக்கும் நேரமும் குறைவு. குமிழ்க் கண்ணாடியை ஒட்டுவதற்கு முன் காக்பிட்டை ஓர் இரவு முழுவதும் திறந்தே உலரவிடுவது பாதுகாப்பு.

வளைந்த பரப்பில் ஒட்ட வேண்டிய வெறும் பித்தளைத் தகட்டைத் தீயில் காட்டி, நிறம் மாறியதும் ஆறவிட்டால் அது இளகி, சொன்னபடி வளையும். வண்ணம் அச்சிட்ட தகட்டுக்கு இதைச் செய்ய முடியாது. ஒரு முறை மடித்ததைப் பிரித்து மீண்டும் மடித்தால் மடிப்புக் கோட்டில் ஒடிந்துவிடும். திரும்பி வர முடியுமா என்ற அளவுகோலில் இதற்குக் குறைந்த மதிப்பெண்தான்.

பின் அறைக் கதவுகளைத் திறந்து வைப்பவருக்கு இது நல்ல வழி. எம்ஐ-24இன் பக்கக் கதவு இரண்டு பாதிகளாக, ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் திறக்கும்; கீழ்ப்பாதியில் படிகள் இருக்கும். திறந்த கதவின் விளிம்பு மெல்லியதாகத் தெரியும்போதுதான் தகட்டின் அருமை புரியும்.

## வழி மூன்று: முப்பரிமாண அச்சு டெக்கால்

ரஷ்யாவின் க்வின்டா ஸ்டுடியோ பரவலாக்கிய முறை இது. இப்போது வேறு நிறுவனங்களும் செய்கின்றன. கருவிப் பலகை முழுவதும் வண்ணத்தோடும் மேடு பள்ளத்தோடும் அச்சிடப்பட்டு, நீரில் நனைத்து ஒட்டும் டெக்காலாக வரும். கடிகார முகப்புகளின்மேல் கண்ணாடித் துளிபோன்ற மினுமினுப்பும் இருக்கும். கிட்டின் பலகையில் வார்க்கப்பட்ட புடைப்புகளைத் தேய்த்துச் சமன்செய்து, ஃபெவிகாலை நீரில் நெகிழ்த்தி ஒட்டினால் போதும்.

கருவிப் பலகை என்ற ஒரே இடத்துக்கு, செலவழிக்கும் நேரத்துக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால், ஐந்து வழிகளிலும் இதுதான் முதலிடம். கையால் வண்ணம் தீட்டி இந்தத் தரத்தை எட்டப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லாதவரும் கை நடுங்குபவரும் தயங்காமல் வாங்கலாம்.

நிறப் பொருத்தம்தான் இதில் மறைந்திருக்கும் சிக்கல். சோவியத் ஹெலிகாப்டர்களின் காக்பிட்டுக்கு உரிய நீலப்பச்சை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எல்லா எம்ஐ-24களின் உட்புறமும் ஒரே நிறம் அல்ல. அச்சிட்ட பலகையின் நிறத்துக்கும் நாம் சுவர்களுக்கு அடிக்கும் வண்ணத்துக்கும் சிறிய வேறுபாடு இருந்தாலும் பலகை தனியாக எழுந்து நிற்கும். ஆகவே டெக்காலைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ப வண்ணத்தைக் கலக்க வேண்டும். வண்ணம் அடித்து முடித்த பிறகு டெக்கால் வாங்குவது தலைகீழ் வரிசை. வெப்பத்தில் ஓரங்கள் மெல்ல மேலெழலாம். ஒட்டிய மறுநாள் ஓரங்களைப் பார்த்து, தேவையான இடத்தில் ஊசிமுனை அளவு பசை வைக்கவும். மேலே மங்கல் வார்னிஷ் அடித்தால் முகப்புகளின் மினுமினுப்பு போய்விடும்.

காக்பிட்டுக்கு வெளியே இந்த முறையால் பெரிய பயன் இல்லை.

## வழி நான்கு: ரெசின் வார்ப்பும் அச்சிட்ட உறுப்புகளும்

கனமான, சிக்கலான வடிவங்களுக்கு உரிய வழி இது. இருக்கை, சக்கரம், இயந்திரம், ஏவுகணைக் கூடு, ரோட்டர் மையம் ஆகியவற்றுக்கு ரெசின் உறுப்புகள் கிடைக்கின்றன. பழைய முறையில் அச்சில் ஊற்றி வார்த்தார்கள். இப்போது பலரும் ஒளியால் இறுகும் ரெசினில் அச்சிடுகிறார்கள். அச்சிட்ட உறுப்புகளில், வார்ப்பில் எடுக்கவே முடியாத உட்குடைவுகள்கூட வருகின்றன.

இந்தப் பிரிவில் நான் மனமாரப் பரிந்துரைப்பது சக்கரங்களை. ஆயுதமும் எரிபொருளும் ஏற்றிய ஹெலிகாப்டரின் டயர் தரையில் சற்று அமுங்கியிருக்கும். அந்த அமுக்கம் வார்ப்பிலேயே வருவதால், மாடல் எடையோடு தரையில் நிற்பதுபோல் தோன்றுகிறது. விலை குறைவு, ஒட்டுவது எளிது, எப்போதும் தெரியும் இடம். முழுக் காக்பிட் தொகுப்பைப் பற்றி எனக்கு அந்த ஆர்வம் இல்லை. கண்ணாடியைத் திறந்து வைக்காதவரை அதன் பெரும்பகுதி மறைந்துவிடும். ரெசின் இயந்திரத்தைப் பற்றியும் அதையே சொல்வேன். மூடிகளைத் திறந்து காட்டப்போவதில்லை என்றால் அது வீண் செலவு.

மறைவான செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். வெளிநாட்டிலிருந்து வரும் சிறு பொட்டலத்துக்குத் தபால் செலவும் தீர்வையும் சேரும்போது, உள்ளே இருக்கும் பொருளின் விலையையே அவை நெருங்கிவிடுவது உண்டு. தனித்தனியாக வரவழைக்காமல் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரே பொட்டலமாக வாங்குவது நல்லது. வார்ப்பின் அடிக்கட்டையை அறுத்து நீக்க மெல்லிய ரம்பம் வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த நீரைக்கூட உடனே அப்புறப்படுத்துவது அவசியம்.

கிட்டின் உடலுக்குள் ரெசின் காக்பிட் பொருந்த, உட்சுவரைக் காகிதம்போல் மெல்லியதாகச் சுரண்ட வேண்டிவரலாம்; சுரண்டிய பிறகு பழைய உறுப்புக்குத் திரும்ப இயலாது. எடையையும் மறக்கக் கூடாது. எம்ஐ-24 மூக்குச் சக்கரத்திலும் பிரதானச் சக்கரங்களிலும் நிற்பது. பிரதானச் சக்கரங்களுக்குப் பின்னால் ரெசின் எடை கூடினால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். மூக்கில் ஈயம் வைக்க வேண்டும். ஆனால் மூக்கு முழுவதையும் காக்பிட்டும் சுழல்மேடையும் அடைத்திருப்பதால், உடலின் இரு பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே, காக்பிட் தரையின் அடியில் எவ்வளவு ஈயம் கொள்ளும் என்று தாளில் சுற்றிப் பொருத்திப் பார்த்துவிட வேண்டும்.

கடைந்த பித்தளை உறுப்புகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். போலந்தின் மாஸ்டர் நிறுவனம் துப்பாக்கிக் குழல்களையும் உணர்கோல்களையும் பித்தளையில் கடைந்து விற்கிறது. நான்கு குழல்களின் வாய்த்துளைகளும் தெளிவாகத் தெரியும். மூக்கில் நீளும் கோல் கைபட்டாலும் ஒடியாது. அளவில் மிகச் சிறிய செலவு, ஐந்து அளவுகோல்களிலும் தேறும் ஒரே பொருள்.

## வழி ஐந்து: கைவேலை

ஹெலிகாப்டர் மாடலுக்கு மிக அதிகமாகத் தருவது இந்த வழி என்பது என் உறுதியான கருத்து. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இதற்கு வேண்டிய பொருள்கள் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. பழைய மின்வயரை உரித்தால் மெல்லிய செம்புக் கம்பிகள்; மின்னணுக் கடையில் பற்றவைப்புக் கம்பி; மருந்துக் கடையின் சிரிஞ்ச் ஊசிகளை அறுத்தால் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள். கிட்டின் உறுப்புச் சட்டத்தை மெழுகுவத்திச் சுடரின் மேலே காட்டி இழுத்தால், தலைமுடி பருமனுக்கு இழையாக நீளும். வால் பகுதிக் கம்பி ஆன்டெனாவுக்கு அது போதும்.

பருமனைக் கணக்கிட்டுப் பார்ப்பது முக்கியம். உண்மையில் 15 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய் 1/48இல் 0.3 மில்லிமீட்டர் ஆகும். 50 மில்லிமீட்டர் அகல இருக்கைப் பட்டை ஒரு மில்லிமீட்டர் ஆகும். கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றிவிட்டால் நுணுக்கம் கூடுவதற்குப் பதில் பொம்மைத்தனம் கூடும்.

ரோட்டர் மையத்தை எடுத்துக்கொள்வோம். எம்ஐ-24இன் மேல் ரோட்டரில் ஒவ்வொரு பிளேடின் அடியிலும் அசைவைத் தணிக்கும் ஹைட்ராலிக் டாம்பர் ஒன்று உண்டு. மையத்தின் உச்சியிலுள்ள எண்ணெய்க் கலத்திலிருந்து அவற்றுக்குக் குழாய்கள் செல்கின்றன. பிளேடுகளில் பனி உறையாமல் காக்கும் வெப்ப அமைப்புக்கான மின்கம்பிகளும் ஒவ்வொரு பிளேடுக்கும் போகின்றன. கிட்டில் கலமும் டாம்பர்களும் இருந்தாலும் இந்தக் குழாய்களையும் கம்பிகளையும் பிளாஸ்டிக்கில் முழுமையாகக் கொடுக்க இயலாது. 0.3 மில்லிமீட்டர் துளையிட்டு, ஈயக் கம்பியின் ஒரு முனையைச் செருகிப் பசையிட்டு உலரவிடுங்கள். பிறகு பல்குத்தியின்மேல் வளைத்து, சற்றுத் தளர்வாகத் தொய்யும்படி விட்டு, மறுமுனையை வெட்டிச் செருகுங்கள். முறுக்கென்று இழுத்துக் கட்டிய குழாய் பொய்யாகத் தெரியும். பிளேடு அசைய இடம்விட்டுத் தொங்கும் குழாய்தான் உண்மையில் இருப்பது. ஐந்து கைகளுக்கும் ஒரே நீளக் கம்பிகளை முதலிலேயே வெட்டி வைத்துக்கொண்டால் வளைவும் ஒன்றுபோல் வரும். கருமையான அடிப்பூச்சுக்குப் பின் உலோகச் சாம்பல் நிறத்தைத் தொட்டு அநேகமாகத் துடைத்துவிட்ட உலர்தூரிகையால் மெல்ல வருடினால், மாடலின் மிக உயர்ந்த இடத்தில், யாரும் பார்க்காமல் போக முடியாத இடத்தில், இந்த வேலை நிற்கும்.

மாஸ்கிங் டேப்பை ஒரு மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டி இருக்கைப் பட்டை செய்வதும் இதே வகை. தகட்டுப் பட்டையைவிட இது இருக்கையின்மேல் துணிபோல் இயல்பாகப் படியும். கொக்கிகளை மட்டும் போட்டோ எட்சிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதன் மறைவான செலவு ஆதாரம் தேடுவது. குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் தெளிவான படங்கள் இல்லாமல் கம்பி வளைப்பது கற்பனை வேலையாகிவிடும். நாம் செய்யும் அதே வகை, அதே காலத்துப் படங்களாகவும் அவை இருக்க வேண்டும். ஆனால் தவறினால் இழப்பு அநேகமாக ஒன்றுமில்லை: கம்பியைப் பிடுங்கிவிட்டு மறுபடி செய்யலாம். பொறுமை குறைந்தவருக்கும், குறித்த நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டியவருக்கும் இது ஒத்துவராது.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் வடிவம் | மூடிய பின் தெரிவது | மறைவான செலவு | தவறினால் | ஏற்ற சூழல் |
|---|---|---|---|---|---|
| கிட் மட்டும் | வெளிவடிவம், பிளேடு | மிகுதி | நேரம் | சரிசெய்யலாம் | முதல் ஹெலிகாப்டர். மூடிய கதவுகள் |
| போட்டோ எட்ச் | தகடு, வலை, கொக்கி | இடத்தைப் பொறுத்தது | மடிப்புக் கருவி, பசை ஆவி | பெரும்பாலும் திரும்ப முடியாது | திறந்த கதவுகள் |
| அச்சு டெக்கால் | கருவிப் பலகை | ஓரளவு | நிறப் பொருத்தம் | சிறிதளவு நகர்த்தலாம் | காக்பிட்டில் விரைந்த பலன் |
| ரெசின் | சக்கரம், இருக்கை, இயந்திரம் | சக்கரம் எப்போதும். மற்றவை அரிது | தபால், தீர்வை, தூள், எடை | சுரண்டிய உடலை மீட்க முடியாது | திறந்து காட்டும் இயந்திரம் |
| கடைந்த பித்தளை | குழல், உணர்கோல் | முழுவதும் | மிகக் குறைவு | எடுத்து மாற்றலாம் | எல்லோருக்கும் |
| கைவேலை | குழாய், கம்பி, பட்டை | மிகுதி | ஆதாரப் படங்கள், பொறுமை | எளிதில் மீளலாம் | ரோட்டர் மையம், சக்கரக் கால் |

## யாருக்கு எந்தச் சேர்க்கை

ஒரே வழியைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைத் தள்ள வேண்டியதில்லை. எந்த இடத்துக்கு எது என்பதே உண்மையான தேர்வு. சிறிய தொகையே கையில் இருந்தால் பித்தளைக் குழல், ரெசின் சக்கரங்கள், ரோட்டர் மையத்தில் கைவேலை என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காக்பிட்டுக்கு மாஸ்கிங் டேப் பட்டைகளே போதும். இந்தச் சேர்க்கை, முழுக் காக்பிட் ரெசின் வாங்கிவிட்டு ரோட்டரை வெறுமையாக விட்ட மாடலைவிட நிச்சயமாகச் சிறந்து நிற்கும்.

சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர் அடுத்ததாக அச்சு டெக்கால் வாங்கலாம். விமானியின் வலப்புறக் கதவைத் திறந்து வைக்கும் எண்ணம் இருந்தால் அதன் பலன் இரட்டிப்பாகும்.

பராமரிப்பு நிலையில், இயந்திர மூடிகள் திறந்து, தரைப் பணியாளர்கள் வேலை செய்யும் காட்சியாக அமைக்க விரும்புபவருக்கே ரெசின் இயந்திரமும் விரிவான போட்டோ எட்ச் தொகுப்பும் பொருளுள்ள செலவு. அப்படிச் செய்வதானால் உடலின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து காட்டி மறுபக்கத்தை மூடியே விடுங்கள். எம்ஐ-24இன் நீண்ட, மீன்போன்ற உடற்கோடு எல்லாவற்றையும் திறந்துவிட்டால் காணாமல் போய்விடும்.

1/72 அளவில் செய்பவர் இந்தப் பட்டியலிலிருந்து பித்தளைக் குழலையும் ரோட்டர்க் கம்பிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். 1/35 செய்பவருக்கோ பின் அறையும் தப்ப முடியாத வேலையாகிவிடும்; இருக்கைகள், கூரைத் துணி, பட்டைகள் என்று எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியே திட்டமிட வேண்டும்.

வாங்கும் வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பசையில்லாமல் உடலின் இரு பாதிகளையும் காக்பிட்டையும் டேப்பால் ஒட்டிக் கட்டி, குமிழ்க் கண்ணாடிகளை மேலே பொருத்தி, ஜன்னலோர வெளிச்சத்தில் ஒரு கை நீளத் தூரத்திலிருந்து பாருங்கள். கண்ணாடி வழியே உண்மையில் தெரியும் உறுப்புகளை மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு வெளியே வெறுமையாகத் தோன்றும் இடங்களை அதே தாளின் மறுபக்கத்தில் எழுதுங்கள். கடைக்கு எழுத வேண்டிய பட்டியலை மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள்.